நசுங்கிய நான்கு எலுமிச்சம்பழங்கள்

திண்டிவனம் பட்டறையில் என் பழைய அமெரிக்க கார் நிற்கிறது. எஞ்சின் சக்தியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட்டை மெக்கானிக் ஏழுமலை கழற்றி வெளியே வைத்திருக்கிறார்.

நேற்று அமாவாசை. நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் பட்டறையைப் பூட்டினாராம். இன்று காலை திறந்தால் நான்கும் நசுங்கிக் கிடந்தன.

"கியரை பார்க்கிங்லதானே போட்டு வெச்சீங்க?" என்றேன்.

"ஷாஃப்ட்ட கழட்டிட்டா பார்க்கிங் புடிக்காதுங்க. பழம் வெச்ச நானு, சக்கரத்துக்கு கல்லு வெக்க மறந்துட்டு பூட்டிக்கினு போயிட்டேன். உருண்டிருக்கு."

அப்பாடா என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

தரையில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றினார். அது காரின் பின்பக்கம் நோக்கி ஓடியது.

"வண்டி முன்னாடிதானே போயிருக்கு" என்றார்.

நாளை விழுப்புரத்துக்கு ஓட்டிவர வேண்டும். துணைக்கு வருகிறவர்கள் கமென்ட்டில் சொல்லுங்கள். முன்சீட் காலியாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.