அன்னதானக் கிடாரத்தில் ஸ்டூ

அப்பாவுக்குச் சமைக்கத் தெரிந்தது ஒன்றே ஒன்று. ஐரிஷ் ஸ்டூ. அதையும் அறுபது பேருக்குத்தான் செய்யத் தெரியும் என்று வீட்டில் நம்பிக்கொண்டிருந்தோம். அவரும் அப்படித்தான் சொன்னார்.

அவர் ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் வேலை செய்தார். பாத்திரம் கழுவுவது, கிழங்கு உரிப்பது. குளிர் தொடங்கினால் அங்கே அடிக்கடி ஸ்டூதான். பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டார். வீட்டுக் குசினியில் அம்மா அவரை எதையும் தொட விட்டதில்லை.

எனக்கு எட்டு வயது. ஜூலை மாதத்துப் பள்ளி விடுமுறை; இங்கே ஜூலைதான் குளிர்காலம். பாபடோயிட்டோயில் வாடகை வீடு. வெளியே மழை. உள்ளே வெளியைவிடக் குளிர்.

அன்று அம்மாவுக்கு ஒப்பரேசன். வயிற்றில் கட்டி. விடியவே காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டோம். நேரம் எடுக்கும், இங்கே நிற்க வேண்டாம், முடிந்ததும் போன் எடுப்போம் என்று சொல்லி எங்களை அனுப்பிவிட்டார்கள்.

அப்பா வீட்டுக்குத் திரும்பவில்லை. காரை நேரே புக்கெகோஹிக்கு, மரக்கறித் தோட்டங்கள் இருக்கிற பக்கம் விட்டார். தோட்டத்து வாசலில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு, பை பையாகக் கரட், வெங்காயம். பிறகு இறைச்சிக் கடையில் செம்மறியின் கழுத்துப் பகுதி, எலும்போடு. காரின் பின்பக்கம் தாழ்ந்துவிட்டது.

“ஆருக்கு அப்பா?”

“குளிருதெல்லோ,” என்றார்.

அவ்வளவு கொள்ளும் சட்டி எங்களிடம் இல்லை. கராஜில் ஒரு கிடாரம் துணி போட்டு மூடிக் கிடந்தது, பக்கத்தில் பெரிய காஸ் அடுப்பு. இரண்டும் மாமா கொண்டுவந்து வைத்தவை. மாமா அம்மாவின் தம்பி. அப்பா துணியை இழுத்துப் போட்டார். கிடாரத்தைக் கழுவி அடுப்பில் ஏற்றினார்.

இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தோம். அவர் உரித்தார். நான் தண்ணீரில் போட்டேன். கொஞ்சக் கிழங்கை மெல்லிசாக வெட்டி அடியில் போட வேண்டும். அது கரைந்து குழம்பைத் தடிப்பாக்கும். மற்றதைப் பெரிய துண்டாக மேலே போட வேண்டும். உப்பு, மிளகு. மிளகாய்த்தூள் இல்லை. இவ்வளவும் அவர் சொன்னது. வேறு கதை இல்லை. இடையிடையே கையைத் துடைத்துச் சட்டைப் பையிலிருந்து போனை எடுப்பார், பார்ப்பார், திரும்ப வைப்பார். அந்தச் சுத்தமான கையால் அடுத்த கிழங்கை எடுப்பார்.

மத்தியானத்துக்குப் பிறகு கிடாரம் கொதிக்கத் தொடங்கியது. கராஜ் முழுக்க ஆவி. அன்று காலையிலிருந்து முதல்முறையாக எனக்குக் கைகால் சூடேறியது. அப்போது மாமா வேலை முடிந்து நேரே வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

“அத்தான், இதுக்குள்ள என்ன?”

“ஸ்டூ.”

“என்ன போட்டனீங்கள்?”

“ஆடு.”

“ஐயோ, அது கோயில் கிடாரம்! அன்னதானக் கிடாரம்! அதுக்குள்ள ஆடோ? அதுவும் வெள்ளிக்கிழமை!”

அப்பா அகப்பையைப் பிடித்தபடி யோசித்தார். “வெள்ளியோ இண்டைக்கு?”

“ஆருக்கு இவ்வளவு? கலியாண வீடோ?”

“எனக்குச் சின்னனாக் காய்ச்சத் தெரியாது.”

மாமா தலையில் கை வைத்தார். “அக்கா சுகமா வந்தா அன்னதானம் குடுக்கிறன் எண்டு நேர்த்தி வச்சனான். இந்தக் கிடாரத்திலதான் குடுக்க இருந்தது. இண்டைக்குப் பாத்து இப்பிடிச் செய்து வச்சிருக்கிறியளே.”

கோயில் கிடாரம் கெட்டது. நேர்த்தியும் கெட்டது. அப்படியென்றால் அம்மா வரமாட்டா. எட்டு வயதில் கணக்கு அவ்வளவு நேராகத்தான் போகும். இவ்வளவு கிழங்கையும் தண்ணீரில் போட்டவன் நான். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் திரும்பிக் கிடாரத்தைக் கிண்டிக்கொண்டிருந்தார். மாமா ஏசுவதை விட்டுப் பெட்டியில் போய் உட்கார்ந்தார்.

பின்னேரம் இருட்டிக்கொண்டு வரும்போது போன் அடித்தது.

அப்பா எடுத்தார். கை முழுக்க ஈரமும் கொழுப்பும். திரையைத் தேய்த்தார், வேலை செய்யவில்லை. இன்னும் தேய்த்தார். நான் எட்டி அழுத்தி, போனை அவர் காதில் வைத்துப் பிடித்தேன். அந்தப் பக்கம் ஒரு பெண் ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினா. அப்பா அவவுக்குத் தமிழில் பதில் சொன்னார்.

“ஓம். ஓம். ஓம்.”

போன் நின்றது. அப்பா பெட்டியில் உட்கார்ந்தார்.

“என்னவாம் அத்தான்?”

“முடிஞ்சுதாம். முழுக்க எடுத்தாச்சாம். பயமில்லாத கட்டியாம்.”

மாமா கண்ணைத் துடைத்தார். ஆவி என்றார். பிறகு அகப்பையை எடுத்து ஒரு கோப்பையில் ஊற்றி, ஊதிக் குடித்தார்.

“வெள்ளிக்கிழமையெல்லோ?” என்றார் அப்பா.

“இண்டைக்கு விடுங்கோ அத்தான். உப்புக் காணாது.”

நான் மூன்று கோப்பை சாப்பிட்டேன். இறைச்சி எலும்பை விட்டுத் தானாகக் கழன்றது. காரம் இல்லை, ஆனால் சூடு நெஞ்சு வரை இறங்கியது. அதுவரை பசி தெரியவில்லை.

அம்மாவைப் பார்த்துவிட்டு வந்து, மிச்சத்தைப் பழைய ஐஸ்கிரீம் டப்பாக்களில் ஊற்றித் தெருவெல்லாம் கொடுத்தோம். எதிர்வீட்டில் சென்னைப் பையன்கள் மூன்று பேர், மாணவர்கள். ஒருவன் மூடியைத் திறந்து மோந்து பார்த்தான்.

“என்ன விசேஷம் அண்ணே?”

“ஒண்டுமில்லை,” என்றார் அப்பா. சிரித்தார். அன்றைய முதல் சிரிப்பு.

அம்மா வீட்டுக்கு வந்து கதையைக் கேட்டு, தையல் வலிக்க வலிக்கச் சிரித்தா. மாமா கோயிலுக்குப் புதுக் கிடாரம் வாங்கி, அதில் அன்னதானம் கொடுத்தார். பழையது எங்களுக்கு ஆனது. அதன்பிறகு அதில் யாரும் சமைக்கவில்லை. அம்மா தோட்டத்து மண் போட்டுச் செடி நட்டு வைத்திருக்கிறா.

போன குளிருக்கு அம்மா சித்தி வீட்டுக்கு சிட்னி போயிருந்தா. நான் வேலை முடிந்து அப்பாவைப் பார்க்கப் போனேன். குசினியில் நின்றார். அடுப்பில் அம்மாவின் பருப்புச் சட்டி. அதற்குள் ஸ்டூ. இரண்டு பேருக்கு அளவாக இருந்தது, ஒரு துண்டு கூடக் கூடுதல் இல்லை.

“சின்னனாக் காய்ச்சப் பழகிட்டியளோ அப்பா?”

“அது முந்தியே தெரியும்,” என்றார். கோப்பையை எடுத்து வைத்தார்.

உரித்த தோலைப் பார்த்தேன். ஒரு கைப்பிடிதான் இருந்தது. இரண்டு பேருக்கென்றால் உரிக்கிற வேலை சட்டென்று முடிந்துவிடும். அன்றைக்குப் போன் வரும் வரைக்கும் கைக்கு வேலை வேண்டியிருந்தது.