எங்கள் மாடியைத் தொட்டுப் போகும் ஒயர்

எங்கள் வீட்டு மொட்டை மாடியின் நான்கு மூலைகளிலும் இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. மேலே இன்னொரு மாடி எழுப்பும்போது உதவும் என்று அப்பா விட்டுவைத்தவை. அப்பா போய்விட்டார், மாடி எழும்பவில்லை, கம்பிகள் மட்டும் துருப்பிடித்து நிற்கின்றன. தெருப் பக்கத்துக் கம்பியில் ஒரு கறுப்பு ஒயரைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். கேளம்பாக்கம் மெயின் ரோட்டில் கிளம்பி, எங்கள் தெருவுக்குள் நுழைந்து, எங்கள் கம்பியில் இளைப்பாறிவிட்டு, பின்னால் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போகிற இன்டர்நெட் ஒயர் அது. எங்கள் வீட்டுக்குள் அது வரவில்லை. எங்கள் தெருவில் யார் வீட்டுக்குள்ளும் வரவில்லை.

அதைக் கட்ட அனுமதி கொடுத்தது அம்மாதான். அப்போது அவள் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவுக்குப் பல வருடமாக டிவி கேபிள் கொடுத்துவந்தவரே இப்போது இன்டர்நெட் கம்பெனிக்கு ஒயர் இழுக்கிற வேலையும் எடுத்திருந்தார். அவர் வந்து கேட்டதும் அம்மா மாடிக் கதவைத் திறந்துவிட்டாள், ஏணியைப் பிடித்துக்கொண்டாள், இறங்கி வந்தவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். இத்தனை உபசாரத்துக்குப் பின்னால் காரணம் இருந்தது. கேபிள் டிவி வந்த புதிதில் தெரு முழுவதற்குமான ஆம்ப்ளிஃபையர் பெட்டியை எங்கள் வீட்டுச் சுவரில்தான் மாட்டியிருந்தார்கள். அதற்குக் கரண்டு எங்கள் வீட்டிலிருந்து போனது. பதிலுக்கு எங்களுக்கு டிவி இலவசம். இரண்டு தெரு தள்ளி, ஒயர் தாண்டிப் போவதற்குக் கூரையில் இடம் விட்ட வீட்டுக்கும் அப்படித்தான். யார் வீட்டைத் தொட்டுக்கொண்டு ஒயர் போகிறதோ அவர்களுக்கு ஒரு கனெக்‌ஷன் உண்டு என்பது எங்கள் பக்கத்தில் யாரும் எழுதிவைக்காத சட்டம்.

"நம்ம வூட்டு மேல போவுது. நமக்குக் குடுக்காம வுட்ருவானா?" என்றாள் அம்மா.

கேபிள்காரர் மறுத்துப் பேசவில்லை. பாத்துக்கலாம்மா என்று சொல்லிவிட்டு டீ டம்ளரைக் கீழே வைத்தார். அந்தச் சொல்லை நம்பி எந்தக் காரியமும் நடந்ததில்லை என்று அம்மாவுக்குத் தெரியாதா என்ன? அவளுக்கு நம்பவேண்டும் போல இருந்தது, நம்பினாள். அந்தக் குடியிருப்பு நிற்கிற நிலத்தில் சின்ன வயதில் நாற்று நட்டவள் அவள். அதைப் பற்றி அவளுக்குப் பெருமையும் கிடையாது, வருத்தமும் கிடையாது. முதுகு வலித்தது என்று மட்டும் சொல்வாள்.

எனக்கு மெடிக்கல் கோடிங் வேலை. எங்கோ அமெரிக்காவில் யாருக்கோ இடுப்பு எலும்பு உடைந்தால், அந்த ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைப் படித்து அதற்குரிய குறியீட்டை நான் போடவேண்டும். அதை வைத்துத்தான் அங்கே இன்சூரன்ஸ் பணம் வரும். கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே பாருங்கள் என்று அனுப்பிவைத்தார்கள். அதன் பிறகு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு குழறியது. என் கணவருக்கு சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டி ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலை. ஷிஃப்ட் வாரத்துக்கு வாரம் மாறும், வேலையும் எப்போது வேண்டுமானாலும் போகும். ஆகவே அம்மாவைப் பார்த்துக்கொள்வதும் குடும்பத்தைத் தாங்குவதும் நான் வீட்டிலிருந்து வேலை செய்வது என்ற ஒன்றையே நம்பி இருந்தன. அம்மாவின் கட்டிலுக்குக் காலடியில் என் மேசையைப் போட்டுக்கொண்டேன்.

நான் மேசையில் உட்கார்ந்துவிட்டால் அம்மா வாயைத் திறக்கமாட்டாள். இருமல் வந்தால்கூட, வேலை செய்கிற இடது கையால் துண்டை எடுத்து வாயில் அழுத்திக்கொள்வாள். நான் அமெரிக்காக்காரனோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்பது அவள் எண்ணம். நான் யாரோடும் பேசுவதில்லை அம்மா, நன்றாக இருமு என்று எத்தனை தடவை சொல்லியும் கேட்டதில்லை.

வேலையைக் கெடுத்தது போன் சிக்னல். பகலில் போனிலிருந்து வரும் நெட் எப்படியோ ஓடிவிடும். எனக்கோ மதியம் தொடங்கி ராத்திரி வரை ஷிஃப்ட். சாயங்காலம் ஆனதும் ஐ.டி. ஆட்கள், கட்டட வேலை ஆட்கள், பிள்ளைகள் என்று ஊரே வீடு திரும்பி ஆளுக்கொரு போனைக் கையில் எடுக்கும். என் திரையில் அந்தச் சக்கரம் சுற்ற ஆரம்பிக்கும். பாதி ரிப்போர்ட்டில் கம்பெனி சாஃப்ட்வேர் என்னை வெளியே தள்ளிவிடும். வேலையில் நான் தப்பு செய்யவில்லை, ஆனால் நான் காணாமல் போகிற நிமிடங்களை அது எண்ணிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒயர் வழியாக வருகிற இன்டர்நெட் இருப்பவர்கள் மட்டும் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று உத்தரவு வந்தது.

ஒவ்வொரு இன்டர்நெட் கம்பெனியின் வெப்சைட்டிலும் போட்டுப் பார்த்தேன். எங்கள் தெருவைத் தட்டினால், உங்கள் பகுதிக்கு விரைவில் வருகிறோம் என்று சிரித்த முகத்தோடு ஒரு பெண் படம் வந்தது. பின்னாலிருக்கும் குடியிருப்பின் பெயரைத் தட்டினால் மூன்று கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு விலையைக் குறைத்தன, முதல் மாதம் இலவசம் என்றன. இரண்டு முகவரிக்கும் நடுவில் இருப்பது ஒரு காம்பவுண்ட் சுவர். கோவளம் பக்கம் கடற்கரையை ஒட்டிய பங்களாக்களுக்கு வாரக் கடைசியில் மட்டும்தான் ஆள் வரும், அங்கேகூட லைன் இருக்கிறது. மற்ற நாளில் அதை யார் பார்ப்பார்கள், காவலுக்குக் கட்டிப்போட்ட நாயா? இப்படியெல்லாம் நினைத்து வயிறெரிந்தது எனக்கு. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாகவே எரிந்தது.

ஒயர் இல்லாமல் டவரிலிருந்து இழுக்கிற பெட்டி ஒன்றையும் வாங்கி வைத்துப் பார்த்தோம். குடியிருப்புக்காரர்கள் ஒயருக்குக் கொடுப்பதைவிட அதற்குக் கூடுதல் வாடகை. சாயங்காலம் ஆனால் அதுவும் போனைப் போலவே படுத்துக்கொண்டது. திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

பிறகுதான் கேபிள்காரரைக் கூப்பிட்டேன். அவர் தட்டிக்கழிக்காமல் வந்தார். இருவரும் மாடிக்குப் போனோம். எங்கள் கம்பியில் சுற்றியிருந்த ஒயரை நான் கையால் தொட்டுக் காட்டி, இதிலிருந்து ஒரு கிளை கொடுங்கள் என்றேன். அம்மா டீ கொடுத்ததை ஞாபகப்படுத்தினேன். அவருக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

"அக்கா, நீங்க பழைய கேபிள்னு நெனைச்சுகினு கீறீங்க. அத்த எங்க வேணா வெட்டி ஒரு ஜாயின்ட் போட்டு எடுக்கலாம். இது உள்ள கண்ணாடி நூலு. நடுவுல கை வெச்சா அவங்க மொத்தப் பேருக்கும் பூடும். எங்க பிரிக்கணும்னு கம்பெனிதான் சொல்லணும்."

கம்பெனி ஏன் சொல்லாது என்று கேட்டேன். இந்தத் தெருவுக்குத் தனியாகப் பெட்டி வைக்க வேண்டும், அதற்குப் பத்து வீடாவது வருடப் பணத்தை முன்னாலேயே கட்டினால் எழுதிக் கேட்கிறேன் என்றார்.

பத்து வீட்டுக்காகத் தெருவில் இறங்கினேன். பாவம், யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. உட்காரச் சொன்னார்கள், அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்கள். ஆனால் போனில்தான் வருகிறதே, ஒரு வருடப் பணத்தை இப்போதே எங்கே போய்ப் புரட்டுவது என்றார்கள். ஒரு வீட்டில் சரி என்றார்கள், மறுநாள் மகனை அனுப்பி வேண்டாம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒயர் இல்லாததால் வேலை போகிற ஆள் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான். அந்த வேலைக்கு வந்த ஆளும் நான் ஒருத்திதான்.

எங்கள் டீம் லீட் என்னைவிடச் சின்னப் பெண், நல்லவள். உத்தரவுக்குப் பிறகும் பல நாள் எனக்காகச் சமாளித்துப் பார்த்தாள். ஒருநாள் போன் செய்து கொஞ்ச நேரம் அம்மாவின் உடம்பை விசாரித்துக்கொண்டிருந்தாள். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"எனக்குப் புரியுதுக்கா. ஆனா சிஸ்டத்துக்குப் புரியாது. அடுத்த மாசம் ஆபீசுக்கு வந்துடுங்க. முடியலைன்னா நீங்களே எழுதிக் குடுத்துடுங்க, அதுதான் உங்களுக்கு நல்லது."

ஆபீஸ் தூரம் இல்லை, ஷேர் ஆட்டோவில் போய்விடலாம். அம்மாவை யார் புரட்டிப் படுக்கவைப்பது? ஆள் போட்டால் என் சம்பளம் அந்த ஆளுக்கே சரியாகிவிடும். நானும் கணவரும் இரண்டு நாள் பேசினோம். பேசப் பேச அதே இடத்துக்குத்தான் வந்து நின்றோம். எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு மத்தியானம், அம்மா தூங்கும்போது, கூரியர் பையன் வந்து கம்பெனி லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போனான். அம்மா விழித்ததும் மேசையைப் பார்த்து, கையை ஆட்டி என்ன என்று கேட்டாள். லீவு போட்டிருக்கிறேன் என்றேன். அந்த மேசையில் இப்போது குடியிருப்புப் பெண்கள் கொடுக்கும் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைக்கிறேன்.

மழைக்காலத்தில் ஒரு புயல் கரையைத் தொடாமலே எங்களை ஆட்டிவைத்துவிட்டுப் போனது. காற்றில் அப்பாவின் கம்பி வளைந்து, ஒயர் அறுந்து மாடியில் விழுந்தது. மழை விட்டதும் விடாததுமாக மழைக்கோட்டு போட்டுக்கொண்டு இரண்டு பேர் வந்துவிட்டார்கள், கூடவே கேபிள்காரரும். குடியிருப்பில் யாருக்கும் நெட் இல்லை, போன் மேல் போன் வருகிறது, மாடிக் கதவைத் திறங்கள் என்றார். எங்கள் தெருவுக்கு யாரும் இத்தனை வேகமாக வந்து நான் பார்த்ததில்லை. ஆம்புலன்ஸ்கூட அம்மாவுக்கு இப்படி வரவில்லை. கதவைத் திறந்துவிட்டு நானும் மேலே போனேன். அவர்கள் கண்ணாடி நூலை ஒட்டும்போது நனையக்கூடாது என்றார்கள். நான்தான் குடை பிடித்தேன்.

கீழே வந்தபோது அம்மா விழித்திருந்தாள். மேலே கேட்ட காலடிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். வார்த்தையைத் திரட்டிக் கேட்க அவளுக்கு நேரம் பிடித்தது.

"நமக்கா ஒயரு இசுக்கிறாங்கோ?"

ஆமாம்மா என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

அம்மாவின் முகத்தில் பாதிதான் அசையும். அந்தப் பாதி சிரித்தது. நான் சொன்னேன் பார் என்கிற அர்த்தத்தில் இடது கையை உயர்த்தினாள். பிறகு அதே கையால் மேசையைக் காட்டி, "ஒக்காரு" என்றாள்.

புடவைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் அம்மாவுக்கு இருமல் வந்தது. துண்டை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டாள்.