நடுநெற்றி

கழுத்து வழியாக மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைத்திருக்கிறது என்று மல்லாவி ஆஸ்பத்திரியிலிருந்து என்னைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஓர் ஆராய்ச்சி நடந்தது. நெற்றியில் ஒரு பட்டியை ஒட்டி, அதிலிருந்து வெளிச்சத்தை உள்ளே அனுப்பி, மூளைக்குப் போதிய இரத்தம் போகிறதா என்று பார்ப்பார்களாம். ஊசி இல்லை என்றதும் சம்மதித்தேன்.

கதிரையில் இருந்ததும் நேர்ஸ் ஈரப் பஞ்சை நீட்டினாள்.

“குங்குமத்தை அழியுங்கோ அம்மா. வெளிச்சம் போகாது.”

யுத்தம் முடிந்தபோது விசாரணைக்கென்று கொண்டுபோன என் கணவர் இன்னும் திரும்பவில்லை. மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று வந்தவர்களை வாசலிலேயே திட்டி அனுப்பியவள் நான்.

“என்ர மனிசன் செத்திட்டார் எண்டு உனக்கு ஆர் சொன்னது?” என்று கத்தினேன்.

சத்தம் கேட்டு டொக்டர் வந்தார். “நடுநெத்தி தேவையில்லை அம்மா. ரெண்டு பக்கமும் ஒட்டினால் போதும்.”

ஒட்டிப் பார்த்தார். இடப்பக்கம் இரத்தம் குறைவாம், சத்திரசிகிச்சை செய்ய வேண்டுமாம். எதுவும் என் காதில் ஏறவில்லை.

“அப்ப என்னத்துக்கு அழிக்கச் சொன்னனீ?” என்று நேர்ஸைக் கேட்டேன்.

“எல்லாரிட்டயும் அப்பிடித்தான் சொல்லுறனாங்கள்.”

வெளியே வாங்கில் முறைக்குக் காத்திருந்த பெண்களிடம் உரக்கச் சொன்னேன். “ஒருத்தரும் பொட்டை அழிக்காதேங்கோ. வெளிச்சம் பக்கத்தால போகும்.”

எனக்கு முன் உள்ளே போய்வந்தவள் தன் வெறும் நெற்றியை மெல்லத் தடவிப் பார்த்தாள்.

அந்தக் கை என் கண்ணை விட்டுப் போகவில்லை. அந்த நேர்ஸை நான் இன்னும் மன்னிக்கவில்லை.