கழுத்தில் தொங்கிய அட்டை

பிள்ளைகளா, இங்கே கட்டாரில் நான் காரில் கூட்டிப்போகும் மேடம் நிறையப் படித்தவர். மருந்துக் கம்பனியில் வேலை. ஆனால் ஹட்டன் டவுனில் டாக்டரின் அறைக்கு வெளியே பெரிய பையோடு உட்கார்ந்திருப்பார்களே, அவர்களைப் போல மருந்து விற்கிறவர் இல்லை. புது மருந்தைப் பற்றிப் பெரிய டாக்டர்களுக்கு வரும் சந்தேகங்களை, ஆராய்ச்சிகளைப் படித்து விளக்குகிறவர். வந்த புதிதில் ஒன்று எனக்கு விசித்திரமாக இருந்தது. டாக்டர்கள் போனில் கேட்பதில் பாதிக்கு, "தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லி கொப்பியில் எழுதிக்கொள்வார். இவ்வளவு படித்த மனுஷி இப்படிச் சொல்லலாமா என்று நினைப்பேன். எட்டாம் வகுப்போடு நின்ற நான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

போன லீவில் மஸ்கெலியா பஸ்ஸை விட்டு இறங்கும்போது மருந்துக் கம்பனியின் பெயர் போட்ட அட்டை என் கழுத்தில் கிடந்தது. கழற்ற மறந்துவிட்டதாக உங்கள் அம்மாவிடம் சொன்னேன். மறக்கவில்லை. தோட்டத்து லய வீடுகளில் நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான். மறுநாள் காலையிலேயே இரண்டு பேர் கிளினிக் கொப்பியோடு வந்துவிட்டார்கள். நான் டிரைவர் என்று சொல்லவில்லை. வாங்கிப் புரட்டினேன், தலையாட்டினேன். "மருந்துக் கம்பனிக்காரரே வந்துட்டாரு, இனிமே டிஸ்பென்சரிக்கு எதுக்குப் போறோம்" என்று பக்கத்து வீட்டு மாமா கிண்டலடித்தார். எனக்கு அது கிண்டலாகப் படவில்லை.

அப்புறம் என் அக்கா, உங்கள் அத்தை, வந்தார்.

"தம்பி, இந்த பிரஷர் குளுசயப் போட்டா தல சுத்துதுப்பா. மலையில நிக்க முடியல. தேயிலக் கொழுந்து கொறஞ்சா அரப் பேருதான் போடுறாங்க, பாதிச் சம்பளந்தான். இத கட்டாயம் போடணுமா?"

மேடம் ஏதோ ஒரு குளிசையைக் குறைப்பது பற்றி யாரிடமோ இங்கிலீஷில் பேசியது காதில் கிடந்தது. எந்தக் குளிசை, யாருக்கு என்பது எனக்குத் தெரியாது.

"நிப்பாட்டுங்கக்கா. அதெல்லாம் இப்ப நாங்க குடுக்குறதில்ல" என்றேன்.

நான் இங்கே திரும்பி வந்த மூன்றாவது வாரம் அத்தை பக்கவாதம் வந்து மலையிலேயே விழுந்தது உங்களுக்குத் தெரியும். இடது கை இன்னும் மடங்கவில்லை. தலைவிதி என்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, குளிசை போட மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். போனில் நான் அழுதபோது, "ஒம் பிள்ளைங்க ஸ்கூல்ல ஒன்னயப் பத்திப் பெரும பேசுதுங்கடா. அதக் கெடுத்துக்காத" என்றார்.

அந்தப் பெருமைதான் எனக்குச் சோறு இறங்க விடுவதில்லை.

ஒருநாள் காரில் மேடத்திடம் அத்தையின் கையைப் பற்றிக் கேட்டேன். கம்பனி மருந்து கேட்கிறேன் என்று நினைத்து, அப்படித் தரமுடியாது என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நான் செய்ததைச் சொன்னேன். கை திரும்புமா என்றேன். "எனக்குத் தெரியாது. அவரைப் பார்க்கிற டாக்டர்தான் சொல்லவேண்டும்" என்றார்.

இதை அத்தைக்குப் படித்துக் காட்டுங்கள். கிளினிக் கொப்பி கொண்டுவந்த இரண்டு பேரிடமும் போய், அப்பா கார்தான் ஓட்டுகிறார், அவர் தலையாட்டியதை நம்பி எதையும் நிறுத்தாதீர்கள் என்று இன்றைக்கே சொல்லுங்கள்.

இங்கே தினமும் அந்த அட்டையைக் காட்டினால்தான் கேட் திறக்கிறது. அடுத்த லீவுக்கு அதை இங்கேயே வைத்துவிட்டு வருவேன். வெறும் கழுத்தோடு லயத்தில் அத்தை வீட்டு வாசலில் நிற்பேன். அத்தை ஒற்றைக் கையால் நாதாங்கியை நீக்கித் திறக்கும்வரை நிற்பேன்.