கைப்பட்டையின் உள்பக்கம்

டென்மார்க்கை ஜெர்மானியர் ஐந்து வருடம் பிடித்து வைத்திருந்தபோது, எங்கள் துறைமுக ஊரில் அவர்களை எதிர்த்துத் துப்பாக்கி எடுத்தவர்கள் மொத்தம் நான்கு பேர். ஜெர்மானியர் சரணடைந்ததாக வானொலி சொன்ன மறுநாள் காலையில் முப்பது பேர் ஆனோம். தபால்காரனான நானும் வரிசையில் நின்றவன்தான்.

வீரன் என்று காட்ட நீலம், வெள்ளை, சிவப்பு கொண்ட கைப்பட்டை வேண்டும். அதைத் தைத்துத் தந்தவள் தையல்காரி வால்போர்க். ஐம்பது வயது, தனிக்கட்டை, கூர்மையான வாய். துணிப் பஞ்சத்தில் படுக்கை விரிப்பு, ரிப்பன் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்தாள். மெலிசாக இருந்ததால் உள்ளே ஏதோ கெட்டித் துணி வைத்துத் தைத்தாள்.

மத்தியானமே வீரர்கள் லாரி ஏறித் துரோகிகளைத் தேடக் கிளம்பினோம். முதலில் நின்றதே அவள் வாசலில். ஜெர்மன் சிப்பாய்களின் கோட்டுக்குப் பொத்தான் தைத்தாள் என்பது குற்றம். தலைவர் எகோன், வெண்ணெய் வியாபாரி. ஐந்து வருடமும் அவர் வெண்ணெய் யாருடைய சமையற்கட்டுக்குப் போனது என்பது ஊருக்கே தெரியும்.

லாரியில் ஏற்றினால் தலையை மழித்து ஊர்வலம் விடுவார்கள். அவள் முகம் வெளுத்துப்போனது.

“ஏறு, வால்போர்க். அவனுங்களுக்குத் தைச்சவதானே நீ?”

“தைச்சேன். எனக்கும் வயிறு இருக்கே. ஏறுறேன், எகோன். அதுக்கு முன்ன உங்க பட்டையக் கழட்டி உள்பக்கம் பாருங்க.”

“எதுக்கு?”

“துணி பத்தல. அவங்க தைக்கக் கொடுத்த நாலஞ்சு கோட்டு என் கடையில கிடந்துச்சு, வெட்டி உள்ள வெச்சுட்டேன். உங்க கையில இருக்கிறது ஒரு மேஜரோட முதுகு.”

எகோன் கழற்றவில்லை. பக்கத்தில் நின்றவர் தன் பட்டையின் ஓரத்தைப் புரட்டினார். சாம்பல் கலந்த பச்சைத் துணி. சட்டென்று மூடிக்கொண்டார். தெருவே சிரித்தது. என் கையிலும் அதுதான் இருந்தது என்பதால் நான் மட்டும் சிரிக்கவில்லை. எகோனுக்குத் துறைமுகத்தில் திடீரென்று அவசர வேலை வந்துவிட்டது. லாரி காலியாகவே திரும்பியது.

பிற்பாடு எகோன் மேயரானார். அவருடைய பட்டை ஊர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் ஏறியது. அந்த நான்கு பேருடைய பட்டைகள் எங்கே என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

திறப்பு விழாவுக்கு வந்த வால்போர்க் கண்ணாடி மேல் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பட்டையின் நான்கு மூலையிலும் ஆணி.

“இவ்வளவு ஆணி எதுக்கு, எகோன்?” என்றாள். “என் தையல் அவ்வளவு லேசுல பிரியாது.”