எனக்கு முந்தி சம்மதம் சொன்ன கம்ப்யூட்டர்

2001-ல் நான் மதுரையில் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக அலைந்துகொண்டிருந்தேன். புதூரில் ஒரு அறையும் ஒரு ஹாலும் உள்ள வாடகை வீட்டில் தனிக்கட்டை. அப்போதுதான் எனக்கு நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. பெண் வீடு பசுமலை. பஸ் ஏறினால் போய்விடலாம்தான். ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை அங்கே போய் நின்றால் தெருவே ஜன்னலைத் திறந்துவிடும். அவர்கள் வீட்டில் போன் கிடையாது. அவள் வேலை பார்த்த ஆபீஸில் கம்ப்யூட்டர் இருந்தது. ஆகவே எங்கள் காதல் ஈமெயிலில் வளர்ந்தது.

வளர்த்தது அவள்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பவர்களை எல்லாம் சிரிக்க வைக்கிற நான், கீபோர்டு முன்னால் உட்கார்ந்தால் 'நலம், நலமறிய ஆவல்' என்பதைத் தாண்டமாட்டேன். அவளோ தினமும் ஏதாவது கேட்பாள். பத்திரிகை மஞ்சளா ரோஸா? முகூர்த்தச் சேலை பச்சையில் எடுக்கலாமா? வாரத்தில் பாதி நாள் நான் பேரையூர், உசிலம்பட்டி என்று டூரில் இருப்பேன். பதில் தாமதமானால் பெண் கோபித்துக்கொள்வாளே என்று பயம்.

பிரௌசிங் சென்டர் வைத்திருந்த என் நண்பனிடம் புலம்பினேன்.

"இம்புட்டுத்தானா மாப்ள? அந்தப் பிள்ள அட்ரஸ்ல இருந்து மெயில் வந்தா மட்டும் என் கம்ப்யூட்டரே பதில் போடுற மாதிரி பண்ணிரலாம். என்ன போடணும்னு மட்டும் சொல்லு."

எதைக் கேட்டாலும் பொருந்துகிற மாதிரி, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் யோசித்து யோசித்து அடித்தேன்: 'ரொம்ப சந்தோஷம். உங்கள் விருப்பப்படியே செய்யலாம்.' என்னைப் போல அறிவாளி மதுரை ஜில்லாவிலேயே இல்லை என்று எனக்கு நானே டீ வாங்கிக் குடித்தேன்.

அந்த வாரம் டூர் முடிந்து சனிக்கிழமை சாயங்காலம் வந்து நண்பன் சென்டரில் மெயிலைத் திறந்தேன். முதல் மெயில்: 'ஆபீஸ் படியில் வழுக்கிக் கால் பிசகிவிட்டது. வீக்கம், நடக்கவே முடியவில்லை.' அதற்கு என் பதில்: 'ரொம்ப சந்தோஷம். உங்கள் விருப்பப்படியே செய்யலாம்.'

நண்பன் சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. நானும் சிரித்துக்கொண்டேதான், அன்றைக்கே அரை மணி நேரம் கழித்து அவள் போட்டிருந்த அடுத்த மெயிலைத் திறந்தேன்.

'அப்பா போன பிறகு அம்மாவுக்கு நான் மட்டும்தான். அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு வர எனக்கு மனசில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் அம்மாவும் நம்மோடு இருக்கலாமா? முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், தப்பாக நினைக்கமாட்டேன்.'

அதற்கும் அதே பதில் போயிருந்தது.

நண்பன் சிரிப்பை நிறுத்தினான். "யோசிச்சுக்க மாப்ள. மாமியாரையும் சேத்துக் கட்டிக்கிட்டான்னு சொந்தக்காரன் பூராம் ஓட்டுவான். மெஷின் போட்டதுன்னு சொல்லித் தப்பிக்கணும்னா இப்பவே சொல்லிரு."

மறுநாள் காலையில், தெரு எட்டிப் பார்த்தால் பார்க்கட்டும் என்று ஆப்பிள் பையோடு பசுமலைக்குப் போய்விட்டேன். பஸ்ஸில் ஆயிரம் யோசனை. என்னிடம் நேரே கேட்டிருந்தால் 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்று நழுவியிருப்பேன் என்பதுதான் உண்மை.

"வாங்க தம்பி" என்று அவள் அம்மா நாற்காலி போட்டுவிட்டு அடுப்படிக்குள் போனார். தேங்காய் துருவுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. அவள் காலில் கட்டோடு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பதிலெல்லாம் நான் போட்டது இல்ல. கம்ப்யூட்டரு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்" என்றாள். "காலு பிசகிருச்சுன்னா ரொம்ப சந்தோஷம்னு எந்த மனுசன் சொல்லுவான்?"

"தெரிஞ்சுமா அத்தை விஷயத்த அதுக்கு எழுதுனீங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நேர்ல கேட்டா நீங்க என் முகத்தப் பாத்துட்டு சரின்னு சொல்லிருவீங்க. அப்புறம் சங்கடப்படுவீங்க. மெஷின் பாட்டுக்கு ஏதாவது சொல்லட்டும், நீங்க ஊருல இருந்து வந்து நிதானமாப் படிச்சு யோசிப்பீங்கன்னுதான் எழுதுனேன். இப்ப நீங்க சொல்லுங்க."

அடுப்படியில் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றுவிட்டது.

வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் ஒரு ஜோக் என் வாயில் தயாராக இருக்கும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம், தேங்காய் மூடியைக் கையில் பிடித்தபடி ஒரு அம்மா, தான் இனி எங்கே இருக்கப்போகிறோம் என்று தெரிந்துகொள்ள நின்றுகொண்டிருக்கிறார். அதைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அடுப்படிக்குக் கேட்கிற மாதிரியே சொன்னேன்: "அத்தை நம்ம கூடத்தான் இருக்கணும். ஹால்ல நான் படுத்துக்கிறேன்."

உள்ளேயிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. அதற்கப்புறம் மெதுவாகத் தேங்காய் துருவ ஆரம்பித்தார். அவள் என்னைப் பார்க்காமல், காலில் நன்றாகவே இருந்த கட்டை அவிழ்த்து மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தாள்.

அத்தை கடைசி வரைக்கும் எங்களோடுதான் இருந்தார். சொந்தக்காரர்கள் ஓட்டத்தான் செய்தார்கள். அவர்களைவிட மோசமாக என்னை நானே ஓட்டிக்கொண்டதில் சீக்கிரமே அலுத்துப்போனார்கள். ஆனால் விளையாட்டுப் பயல் என்று பேர் வாங்கிய என் வாயிலிருந்து வரப்போகும் ஒரு வார்த்தைக்காக ஓர் அடுப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்ததை நினைத்தால், யாருக்கும் சும்மா ஒரு 'சரி' சொல்லிவைக்க இன்றைக்கும் எனக்கு வாய் வருவதில்லை.