இருண்ட திரையில் ஒரு வரி

2024 மே 24, வெள்ளிக்கிழமை. பள்ளிக்குக் கோடை விடுமுறை என்றாலும் வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்துவிட்டேன். பால் பாக்கெட்டுகளை எடுத்து உள்ளே வைத்தேன். மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று பார்த்தேன். தொட்டிச் செடிகளுக்கு ஊற்றினேன். நாட்காட்டியில் தாளைக் கிழித்தேன். அக்கா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு காலைப் பூசைக்குப் போய்த் திரும்பினாள். காபி குடித்தபின் தன் மேசையில் போய் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் என்னைக் கூப்பிட்டாள்.

"டேய், போனது கரண்டா, என் கண்ணா? வந்து பார்த்துச் சொல்லு."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. போயிருந்தது கணினியின் மானிட்டர்.

அக்காவும் என்னைப்போல் ஆசிரியையாக இருந்தவள். திருமணம் செய்துகொள்ளவில்லை, மயிலாப்பூரில் எங்களோடுதான் இருக்கிறாள். ஓய்வு பெறுவதற்கு முன்பே அவளுடைய பார்வை ஓரங்களிலிருந்து உள்நோக்கிக் குறுகத் தொடங்கிவிட்டது. ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல இருக்கும் என்று மருத்துவர் விளக்கியிருந்தார். அப்படியிருந்தும் எங்கள் பங்குக் கோவிலின் மாத இதழுக்குப் பிழை திருத்துவது அவள்தான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக வைத்துப் படிப்பாள். தமிழாசிரியரான நான் இரண்டு முறை படித்துச் சரி என்று கொடுத்த பக்கத்திலும் ஏதாவது ஒரு பிழையைக் கண்டுபிடித்துவிடுவாள். சமையல், கடை கண்ணி, தையல் என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டவளிடம் மிச்சமிருந்த வேலை அது ஒன்றுதான்.

மானிட்டரைப் பழைய போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு, மாட வீதிக்குப் பின்னால் சந்தில் இருக்கும் பழுதுபார்க்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் போர்வையை விலக்கியதும் சிரித்துவிட்டார்.

"இன்னா சார், இத்த போயி தூக்கினு வந்துகீறீங்கோ? இது பொறந்தப்போ நானே ஸ்கூலுக்குப் போய்க்கினு இருந்தேன்."

"சரி பண்ண முடியுமா, முடியாதா?"

"உள்ள லைட்டு பூட்ச்சி. இதே மாரி கண்ணாடி ஒடஞ்ச பீசு ஒண்ணு அந்தாண்ட கெடக்குது. அதுலேர்ந்து லைட்ட உருவி இதுல போட்லாம். எத்தினி நாளு எரியும்னு மட்டும் என்னாண்ட கேக்காத. வூட்ல யாருக்கு, அக்காவுக்கா? பேசாம புச்சா, பெர்சா ஒண்ணு வாங்கிக் குடு நைனா."

யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்ப எடுத்து வந்தேன். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. கண் மங்கியவளுக்குப் பெரிய திரை நல்லதுதானே? நாடாவை எடுத்து மேசையை அளந்தேன். தியாகராய நகர்க் கடை ஒன்றைத் தொலைபேசியில் பிடித்து, பழையதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலமுள்ள ஒன்றை எடுத்து வைக்கச் சொன்னேன்.

"அண்ணி, இனிமே ஒவ்வொரு எழுத்தும் தோசை சைஸுக்குத் தெரியப்போகுது!" என்றாள் என் மனைவி அக்காவிடம்.

அக்கா சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "இந்த இதழோட பிழை திருத்தறத நிறுத்திக்கறேன்னு ஃபாதர்கிட்ட சொல்லிடலாம்னு பாக்கறேன்டா" என்றாள்.

"ஏங்க்கா? புதுசு இதைவிடப் பெருசா இருக்கும்."

"அதான்" என்றாள்.

அலுப்பில் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிற்பகலில் கடையிலிருந்து பேசிய விற்பனையாளர், கணினியின் பின்புறம் மானிட்டர் ஒயரை மாட்ட எந்த மாதிரி துளை இருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். அதற்குள் நான் பழைய மானிட்டரை இருந்த இடத்திலேயே வைத்து ஒயர்களையும் மாட்டியிருந்தேன். காலியான மேசையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. வெயில் அக்காவின் கண்ணுக்கு ஆகாது என்பதால் திரைச்சீலைகள் இழுத்து மூடியிருந்தன. அவள் இருட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து விசைகளைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா பண்றே?"

"ஜூன் இதழத் தொறந்துட்டேன். விசை எல்லாம் மனப்பாடம்தானே. உள்ளதான் இருக்கு."

நான் நம்பவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு மேசைக்கடியில் குனிந்து துளையைப் பார்த்தேன். எழுந்திருக்கும்போது கையிலிருந்த வெளிச்சம் சாய்வாகத் திரைமேல் விழுந்தது. அதில் எழுத்துகள் இருந்தன.

டார்ச்சை அணைத்தேன், வெறும் கறுப்பு. மறுபடி போட்டேன். ஆழமான கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும்போது அடியில் தண்ணீர் தெரிவதுபோல, மங்கலாக, ஆனால் பிசகில்லாமல், 'அன்பார்ந்த' என்ற சொல் தெரிந்தது. காலையிலிருந்து செத்துப்போனது என்று நான் தூக்கிக்கொண்டு அலைந்த பெட்டிக்குள், உள்விளக்கு மட்டும் அணைந்து, அவள் சொன்னபடியே பக்கம் முழுவதும் இருந்தது.

மேலே படிக்க ஆசைப்பட்டேன். வெளிச்ச வட்டத்துக்குள் ஒரு சொல்தான் அடங்கியது. அடுத்ததைப் பார்க்க நகர்த்தினால் முந்தையது மறைந்தது. வரியின் கடைசிக்கு வந்தபின் அடுத்த வரியின் ஆரம்பம் கிடைக்கவில்லை. திரும்பி வரும் வழியில் வட்டம் ஒரு வரி மேலே ஏறிவிட்டது. படித்ததையே மறுபடி படித்தேன். மூன்றாம் முறையும் தவறியது.

"என்னடா, சத்தமே காணோம்?"

"டார்ச் அடிச்சா எழுத்து தெரியுதுக்கா. ஆனா அடுத்த வரி எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியல. தேடறேன்."

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். "ஆரம்பத்துல இடது ஓரத்துல ஒரு வெரல வச்சுக்கோ. படிச்சு முடிச்சதும் வெரல்கிட்ட திரும்பி வந்து, ஒரு வரி கீழ எறக்கு. நான் அப்படித்தானே பண்றேன்."

டார்ச்சை இடது ஓரத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே மேலிருந்து கீழாக ஒரு விரல் அகலத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு. எனக்கு நன்றாகத் தெரிந்த அழுக்கு அது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஈரத்துணியால் நான் துடைத்தெடுப்பது. அடுத்த சனிக்கிழமைக்குள் மறுபடி வந்துவிடும். ஏன் அங்கே மட்டும் வருகிறது என்று கேட்டதேயில்லை.

விரலை வைத்தேன். வரி கிடைத்தது. அப்படியே ஒரு பத்தி படித்து முடிப்பதற்குள் கழுத்து வலித்தது. இவள் மாதம்தோறும் இதழ் முழுவதையும் இப்படித்தான் படித்திருக்கிறாள். ஒரே ஒரு சொல் தவிர உலகம் முழுவதும் இருட்டாக இருக்கும்போது, அந்தச் சொல்லில் உள்ள பிழை எப்படித் தப்பும்? நான் அவளுடைய பொறுமையை மெச்சியிருக்கிறேன். அது இத்தனை பெரியது என்று எனக்குத் தெரியாது.

"அப்போ பெரிய திரை..." என்று ஆரம்பித்தேன்.

"இதுன்னா வெரலுக்கும் கடைசி எழுத்துக்கும் நடுவுல வழி தப்பாம போய் வந்துடுவேன். அது பீச் ரோடு மாதிரி இருக்கும்டா. மவுஸ் அம்பும் காணாது, வரியும் காணாது."

"காலைலயே சொல்லியிருக்கலாமே!"

"நாடா எல்லாம் வச்சு அளந்துட்டு இருந்தே. ஆசையா வாங்கித் தர்றவன்கிட்ட எப்படிடா வேணாம்னு சொல்றது? அதுக்கு ஃபாதர்கிட்ட சொல்றது சுலபம்."

விற்பனையாளரை அழைத்து, வேண்டாம் என்று சொன்னேன். பிறகும் கொஞ்ச நேரம் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "பேட்டரி தீந்துடப்போகுது, அணை" என்றாள் அக்கா.

மறுநாள் சனிக்கிழமை. எழுந்ததும் முதல் வேலையாக ஈரத்துணியை எடுத்து மானிட்டரைத் துடைத்தேன்: மேல்விளிம்பு, நடு, வலது பக்கம். இடது ஓரத்தைத் தொடவில்லை. பிறகு போர்வையில் சுற்றிக்கொண்டு போய், அந்த உடைந்த பீஸை வேறு யாரும் கேட்பதற்குள், சந்துக் கடையின் ஷட்டர் முன்னால் நின்றேன்.